சொல், சொல்லாதே

வாசலில் ஏழு ஜோடி வீட்டுச் செருப்புகள்.
வீட்டில் இருப்பது இரண்டு பேர்.
எனக்கு வாய்த்தது மகனுடையது,
நாற்பத்தாறாம் எண்.
அவன் கனடாவில் இருக்கிறான்.
சமையலறைக்கும் படுக்கைக்கும் இடையே
அவன் செருப்பில்
ஓடம் தள்ளுவதுபோல் நடந்தேன்
பதினேழு நாள்.

போஸ்கோவிட்சே. அக்டோபர்.
பம்பு பழுது பார்க்க வந்தவனுக்கு
விடுதியில் இடமில்லை என்று
ஆலைக்காரர்கள் இங்கே இறக்கிவிட்டுப் போனார்கள்.

ஸ்திஸ்லவா, பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறவள்.
வ்ராதிஸ்லாவ், ரயில்வே சிக்னலில் இருந்து ஓய்வு பெற்றவர்.
காட்டோரக் குடிலை விற்பதா வேண்டாமா என்று
ஜூனில் தொடங்கிய சண்டை
ஜூலையில் பேச்சை நிறுத்தியிருந்தது.
இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

முதல் இரவு கற்றது ஒரே சொல்:
ர்ஷெக்னி.
சொல்.
அவளிடம் சொல், உப்பு போதவில்லை.
அந்த ஆளிடம் சொல், உப்பு
அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.
நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்த மேஜையின் அகலம்
இரண்டரை அடி.

கிளியையும் மேகத்தையும் தூது விட்ட மொழியில் பிறந்தவன்தான்.
ஆனால் அவற்றிடம் யாரும்
உப்பைப் பற்றிச் சொல்லி அனுப்பியதில்லை.

அந்த முதலெழுத்து இருக்கிறதே,
ரகரமும் ஷகரமும்
ஒரே கதவில் ஒரே சமயம் நுழைகிற எழுத்து,
என் நாக்கில் வரும்போதெல்லாம்
ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் வந்தது.
பதிலுக்கு 'ழ' சொல்லிக் காட்டினேன்.
வ்ராதிஸ்லாவ் மூன்று முறை முயன்றார்.
பிறகு பீரைக் குடித்தார்.

ஒரு வாரத்தில் தேறிவிட்டேன்.
சனிக்கிழமை கொதிகலன் பார்க்க ஆள் வருகிறான் என்று சொல்.
நீலச் சட்டை காய்ந்துவிட்டது என்று சொல்.
சட்டையைப் பற்றிச் சொல்லும்போது
ஸ்திஸ்லவாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.
அதை எப்படிப் பெயர்ப்பது என்று தெரியாமல்
சட்டையை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஞாயிறு, காளான் பொறுக்கப் போனோம்.
காட்டில் அவர்கள் பேசாதது வெளியே தெரியவில்லை.
அங்கே எல்லோருமே
குனிந்தபடி, தாம் கண்ட இடத்தை உடம்பால் மறைத்துக்கொண்டு
வாய் திறக்காமல்தான் இருந்தார்கள்.
வ்ராதிஸ்லாவ் என் கூடையைக் கிளறினார்.
ஒவ்வொரு குடையையும் திருப்பிப் பார்த்து,
சந்தேகப்பட்டதை நாக்கு நுனியால் தொட்டுத் துப்பினார்.
பாதிக்கு மேல் பாசியின்மேல் எடுத்து வைத்தார்,
மெதுவாக,
குற்றம் யாருடையதும் இல்லை என்பதுபோல்.
ஒன்று தப்பித்தது.

இரவு குலாய்டா.
புளித்த பாலேடு, உருளைக்கிழங்கு, சதகுப்பைத் தழை,
நடுவில் ஒரு முட்டை.
முதல் கரண்டி.
வேப்பங்கொழுந்து தின்று வளர்ந்தவன், நான் விழுங்கிவிட்டேன்.
வ்ராதிஸ்லாவ் துப்பினார்.

"ஹோர்ஷ்கே," என்றாள் ஸ்திஸ்லவா. கசப்பு.
அவரைப் பார்த்து.
"ரொம்ப," என்றார். அவளைப் பார்த்து.

நடுவில் நான்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினேன்.
எடுத்துப்போக ஒன்றுமில்லை.

அவள் பானையைக் கவிழ்த்தாள், அவர் சன்னலைத் திறந்தார்.
பொறுக்கியது யார் என்ற கேள்வி வந்தபோது
இரண்டு விரல்கள் என்னைக் காட்டின.
ரொட்டியும் வெண்ணெயும் தின்றோம்.

அன்றிரவு சுவருக்கு அப்பால் குடிலைப் பற்றிப் பேச்சு.
சண்டைதான். நேரடிச் சண்டை.
கசிவு எங்கே என்று
குழாயில் காது வைத்துப் பழகியவன்
போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

கிளம்பும் காலை
செய்தித்தாளில் மடித்த உலர்ந்த காளானை
என் பெட்டியில் திணித்தாள் ஸ்திஸ்லவா.
"நெர்ஷீகேய்."
சொல்லாதே, அந்த ஆளிடம்.

பேருந்து நிறுத்தத்தில்
வ்ராதிஸ்லாவின் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு பொட்டலம்.
அதே நாளிதழின் மறுபாதி.
"நெர்ஷீகேய்."

ப்ர்னோ போகும் வழியெல்லாம்
வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்,
நெர்ஷீகேய், நெர்ஷீகேய்.
முன்னிருக்கைப் பெண் திரும்பி
"யாரிடம்?" என்று கேட்டாள்.